முள்ளோடைக்கு முன்பே ஒரு போக்கு

புதுச்சேரியில் வேலை முடித்துக் கடலூருக்குத் திரும்புகிறவர்களுக்கு அந்தச் சாலை மனப்பாடம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். கன்னியக்கோவிலை நெருங்கும்போது சாலையோரத்தில் வெளிச்சம் கூடிவிடும். முள்ளோடையோடு புதுச்சேரியின் எல்லை முடிந்து, கடலூர் மாவட்டம் தொடங்குகிறது. மதுவின் மீதான வரி புதுச்சேரியில் குறைவு என்பதால், எல்லையை ஒட்டி மதுக்கடைகள் வரிசையாக நிற்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 22 கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவுக்குள் 11 ஆண்டுகள் நான் விழுந்தும் எழுந்தும் வந்ததைப் பற்றியும், கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசம் அதில் எனக்குச் செய்தது என்ன, அது செய்யும் என்று நான் தவறாக எதிர்பார்த்திருந்தது என்ன என்பதைப் பற்றியும் எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவன். குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றேன். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் ஒருநாளும் தவறியதில்லை. ஆகவே குடிப்பது பாவமா இல்லையா என்ற கேள்வி எனக்கு ஒருபோதும் எழுந்ததில்லை. எது சரி என்று தெரியாமல் நான் போகவில்லை, தெரிந்தேதான் போனேன். ஒரு தொழிற்சாலையில் பட்டறைப் பிரிவில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இரவு ஷிப்ட் முடிந்த உடல்வலிக்கு என்று நண்பர்களோடு ஒரு கட்டிங் சாப்பிட்டேன். பிறகு வாரத்தில் ஒரு நாள், பிறகு சம்பள வாரம் முழுவதும், பிறகு சனிக்கிழமை போகாவிட்டால் எதையோ இழந்ததுபோல் ஆகிவிட்டது. பாட்டில் மூடியைத் திருகும்போது அதன் வளையம் நறுக்கென்று முறியும் ஓசை ஒன்று உண்டு. ஒரு துளிகூட உள்ளே போவதற்கு முன்பே, அந்த ஓசைக்கே என் தோள்கள் தளர்ந்து இறங்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சோதனை என்பது மனத்தில் மட்டும் நிற்பதில்லை, உடம்பிலும் பாதை போட்டுவிடுகிறது என்பதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

2019இல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில், ஆண்டவருக்கு வாக்குக்கொடுத்து நான் பொருத்தனை செய்தேன். மார்ச் 6ஆம் தேதி அதன் முதல் நாளான சாம்பல் புதன்கிழமை. அன்றிலிருந்து ஏப்ரல் 21 ஈஸ்டர் வரை தொடுவதில்லை என்று ஆலயத்தில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொன்னேன். சொன்னபடியே இருந்தேன். முள்ளோடையைக் கடக்கும்போதெல்லாம் "பெலன் தாரும், பெலன் தாரும்" என்று வாய்விட்டு ஜெபித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். உயிர்த்தெழுதல் ஆராதனை விடியற்காலையில் முடிந்தது. என் மனைவி அழுதபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே நான் முள்ளோடையில் இருந்தேன். 40 நாட்களும் நான் கிறிஸ்துவின் பாடுகளைத் தியானித்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பொருத்தனை குடிக்கு நான் வைத்த முற்றுப்புள்ளி அல்ல, குடிக்கு நான் வாங்கிய தவணை. தேவனுக்கும் எனக்கும் நடுவே அதைச் சாட்சியாக வைத்து, முடிந்ததும் கணக்குத் தீர்ந்தது என்று எழுந்துபோய்விட்டேன்.

அடுத்த ஆண்டு மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. இரண்டாம் நாள் இரவு என் கைகள் நடுங்கின. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வியர்த்து, உறக்கமில்லாமல், சுவரில் ஏதோ அசைவதுபோல் தோன்றியது. தெரிந்த ஜெபக்குழுவினர் சிலர் தொலைபேசியில் பேசி, பிசாசு வெளியேறுகிறான், இன்னும் உபவாசமிருங்கள் என்றார்கள். என் மனைவி அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, உடனே மருத்துவர் ஒருவரை அழைத்தாள். பல ஆண்டுகள் தொடர்ந்து அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது, முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சித்தக் குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மாத்திரை கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, வெறும் வயிற்றோடு இருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். உபவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நிலையில் இருக்கும் ஒருவரை உபவாசமிருக்கச் சொல்வது அவருடைய உயிரோடு விளையாடுவது. ஒரே இரவில் விடுதலை பெற்றதாகச் சாட்சி சொல்கிறவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன், ஆண்டவரால் அது முடியும். ஆனால் அத்தகைய சாட்சிகளை மட்டுமே மேடையேற்றுகிற சபையில், மெதுவாகக் குணமாகிறவன் தனக்கு விசுவாசமே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு, ஆலயத்தின் கடைசி வரிசைக்கும் பிறகு வெளி வாசலுக்கும் நகர்ந்துவிடுகிறான். மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல. எங்கள் பகுதியில் ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது, போகவேண்டியவர்கள் போகட்டும்.

அந்த வாரங்கள் தெளிவாகக் கழிந்தன. மே 25ஆம் தேதி புதுச்சேரியில் மதுக்கடைகள் மீண்டும் திறந்தபோது, தமிழ்நாட்டு விலைக்கு இணையாக வரும்படி சிறப்பு வரி விதித்திருந்தார்கள். எல்லைக் கட்டுப்பாடுகள் நீங்கி நான் வேலைக்குத் திரும்பிய பின்னும் அந்த வரி இருந்தது. மலிவாகக் கிடைப்பதால்தான் வாங்குகிறேன் என்று அத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். விலை சமமான பிறகும் போனேன்.

என்னை உண்மையில் உடைத்தது அதற்கடுத்த ஆண்டுகளில் நடந்த ஒன்று. அந்தச் சிறப்பு வரியெல்லாம் நீங்கிப் பழைய விலை திரும்பிவிட்ட பின், ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டில் வைத்துக்கொள்வதற்காக ஒரு பாட்டிலை என் மகளுடைய மழைக்கோட்டுக்குள் சுற்றி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வாகனங்களை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தார்கள். அவர் துண்டைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். அவரைக் கவனித்துக்கொண்டிருந்த காவலர், என்னைப் போகும்படி கையை அசைத்தார். தென்பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல் ஏறியதும் என் வாய் தானாகச் சொன்னது: "ஸ்தோத்திரம் ஆண்டவரே." பாலம் முடிவதற்குள் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. திருட்டுத்தனமாகக் கடத்திவந்த பாட்டிலுக்குக் காவல் நின்றதற்காகப் பரிசுத்தமுள்ள தேவனுக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். சிறுவயது முதல் கற்ற ஒரே சொல், எல்லாவற்றுக்கும் பயன்படும் சொல், அதையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன்.

தமிழில் சோதனை என்ற ஒரே சொல்லைத்தான் இவை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். காவலர் பையைத் திறந்து பார்ப்பதும் சோதனை, தேவன் ஆபிரகாமின் விசுவாசத்தைப் பரீட்சித்ததும் சோதனை, பாவம் செய்யும்படி உள்ளே இழுக்கிற இழுப்பும் சோதனை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் பரீட்சை, பாவத்தூண்டுதல் என்ற இரண்டு பொருளையும் தாங்குகிறது. அன்று இரவு எனக்கு அந்தச் சொல்லின் எல்லா அர்த்தங்களும் ஒரே இடத்தில் விளங்கின. சாவடியில் என்னைச் சோதிக்கவில்லை. ஆனால் பாலத்தின் மேல் நான் சோதிக்கப்பட்டு, உள்ளே இருந்தது என்ன என்பது வெளியே எடுத்து வைக்கப்பட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் நெடுங்காலம் உபதேசியாராக, அதாவது போதகருக்குத் துணையாக வேதம் கற்பிப்பவராக, இருந்து ஓய்வுபெற்ற பெரியவரின் வீட்டுக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வசனம் எதையும் எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே, "தம்பி, குடிக்கிறதுன்னு எங்க முடிவு பண்றே?" என்று கேட்டார்.

"முள்ளோடையிலதான் ஐயா. கடையைப் பார்த்ததும் முடியல."

"முள்ளோடையில நீ வண்டியைத்தான் நிறுத்துறே. முடிவு அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. எங்கேன்னு போய் யோசிச்சுப் பாரு, அடுத்த வாரம் வந்து சொல்லு."

ஒரு வாரம் யோசித்தேன். விடை எனக்கு அவமானமாக இருந்தது. பிற்பகல் நான்கு மணிக்குத் தேநீர் இடைவேளையில் நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவேன். குடிக்கப்போகிற நாட்களில், "இன்னைக்கு ஓவர்டைம் இருக்கு, லேட்டாகும்" என்று சொல்வேன். அந்த நேரத்தில் எனக்குத் தாகமில்லை, கடையும் கண்ணில் இல்லை, நண்பர்கள் யாரும் கூப்பிடவுமில்லை. ஆனாலும் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வரப்போகிற ஒன்றுக்கு அந்தப் பொய்யால் இடம் ஒழித்து வைத்துவிடுவேன். காலையிலேயே 200 ரூபாயைத் தனியாகச் சட்டைப்பையில் மடித்து வைக்கும் நாட்களும் உண்டு. முள்ளோடையில் நான் செய்த ஜெபமெல்லாம், கதவைத் திறந்துவிட்டு விருந்தாளி வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதாக இருந்தது. யாக்கோபு எழுதியதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்: "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான். பின்பு இச்சையானது கர்ப்பந்தரித்து, பாவத்தைப் பிறப்பிக்கும்." பிறப்புக்கு முன்னால் கர்ப்பம் இருக்கிறது என்று அவர் சொன்னது, என் வாழ்க்கையில் நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட நேரம்.

அதைப் போய்ச் சொன்னபோதுதான் உபதேசியார் வேதாகமத்தை எடுத்து 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல், சோதனையைத் தாங்கத்தக்கதாக, சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்." வாக்குத்தத்த வசனமாகச் சுவரில் மாட்டியிருந்த வசனம்தான். ஆனால் போக்கு என்ற சொல்லை நான் அதுவரை நின்று பார்த்ததில்லை. 2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட கடலூர்க்காரனுக்கு அந்தச் சொல் விளங்காமல் போகக்கூடாது. ஏரிக்கரையை உயர்த்திப் பலப்படுத்துவது ஒரு வேலை. பெருகி வரும் நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலிங்கு என்ற வழிவாய் வைத்துப் போக்குக் காட்டுவது வேறு வேலை. எவ்வளவு பலமான கரையானாலும் போக்கில்லாத ஏரி உடையும். ஆண்டுக்கணக்காக நான் கேட்டதெல்லாம் பெலன், அதாவது கரையை உயர்த்தித் தரும்படியான வேண்டுதல். வசனத்தில் வாக்களிக்கப்பட்டிருந்தது போக்கு. அந்த வசனத்துக்கு முந்தியது, "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்" என்கிறது. பிந்தியது, விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள் என்கிறது. நடுவிலுள்ள வாக்குத்தத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, முன்னும் பின்னும் உள்ளவற்றை நாம் விட்டுவிடுகிறோம். போத்திபாரின் மனைவி தன்னோடு பாவம் செய்யும்படி பிடித்து இழுத்தபோது, யோசேப்பு நின்று வாதாடி வெல்லவில்லை. வஸ்திரத்தை அவள் கையிலே விட்டுவிட்டு ஓடினான். விலகி ஓடுவதைக் கோழைத்தனம் என்று நினைத்ததே என் பெருமையின் ஒரு பகுதி என்று இப்போது எண்ணுகிறேன்.

எனக்குக் கிடைத்த போக்கு மிகச் சாதாரணமானது. ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் போய்வரத் தொடங்கினேன். பேருந்தும் கன்னியக்கோவிலிலும் முள்ளோடையிலும் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் இறங்கினால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கவேண்டும், வீட்டில் கேள்வி வரும், ஒரு முடிவை மூன்று முடிவுகளாகப் பிரித்து எடுக்கவேண்டும். சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போனது. நான்கு மணித் தொலைபேசி நின்றுவிடவில்லை, அதில் சொல்லும் செய்தி மாறியது: எந்தப் பேருந்தில் ஏறுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடுவேன். சொல்லக் கடினமாக இருக்கும் நாட்களில், "இன்னைக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்பேன். "சரிங்க, வாங்க, நான் ஜெபிக்கிறேன்" என்பாள். இதில் என்ன விசுவாசம் இருக்கிறது, இது வெறும் ஏற்பாடுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். பேருந்தும் மனைவியின் குரலும் மருந்துச்சீட்டும் உபதேசியாரின் திண்ணையும் ஆண்டவர் கையிலிருந்து வருகின்றன என்று ஏற்றுக்கொண்டு, அவற்றை வேண்டாம் என்று தள்ளாமலிருப்பதுதான் எனக்கு விசுவாசமாக இருந்தது. தனியாக நின்று ஜெயித்து, பிறகு ஆலயத்தில் எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுவது குடியை விடுவதைப்போலவே கடினமாக இருந்தது.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது; அது இல்லாமல் ஏற்பாடுகள் மட்டும் என்னைத் தாங்கியிருக்காது. வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்ட பகுதியை அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசித்தேன். மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்று யோர்தான் கரையில் வானத்திலிருந்து சத்தம் கேட்கிறது. அடுத்த அதிகாரத்தில் சோதனைக்காரன் முதலில் உச்சரிப்பது, "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்பது. அப்பத்துக்குப் போவதற்கு முன்பே பிதா சொன்னதின் மேல் அவன் கை வைக்கிறான். நாற்பது நாள் பசித்தவருக்கு அப்பம் வேண்டும் என்பதில் தவறில்லை. தான் யார் என்பதை அந்த அப்பத்தால் நிரூபிக்கவேண்டும் என்பதுதான் வலை. இயேசு மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். புதிதாக எதையும் நிரூபிக்கவில்லை. எனக்குள் பேசிய குரலும் மதுவைப் புகழ்ந்து பேசியதே இல்லை. "நீ இப்படித்தான், உன்னால் முடியாது, நேற்றும் விழுந்தாய்" என்றுதான் பேசியது. அதற்குப் பதிலாக என் நல்ல நாட்களின் கணக்கை நான் நீட்டியபோதெல்லாம் தோற்றேன், ஏனென்றால் கெட்ட நாட்களின் கணக்கு அதன் கையில் இருந்தது. எங்கள் லுத்தரன் மரபுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர், 1529இல் வெளிவந்த பெரிய ஞானோபதேசம் என்ற தம் நூலில், பாவமும் மனச்சாட்சியும் நெருக்கும்போது நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று சொல்லவேண்டும் என்கிறார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, என்னுடைய முயற்சி ஒன்றும் இல்லாமல், தலையில் ஊற்றப்பட்ட தண்ணீர் அது. எந்த நாளிலும் நான் சம்பாதிக்காததாகையால், எந்த நாளிலும் நான் இழக்க முடியாததாக அது நின்றது. கன்னியக்கோவில் நிறுத்தத்தில் பேருந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம், உதடு அசையாமல் அதைச் சொல்லிக்கொள்வேன்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை விழுந்தேன். ஒன்று, உடன் வேலைபார்த்தவரின் பிரிவுபசாரத்தில். மற்றொன்று, எந்தக் காரணமும் இல்லாமல், மிக நன்றாக இருந்த ஒரு வாரத்தின் நடுவில். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், பிசாசு "சிலகாலம் அவரைவிட்டு விலகிப்போனான்" என்று இருக்கிறது. சிலகாலம் என்ற சொல்லை நல்ல வாரங்களில்தான் நினைவில் வைக்கவேண்டும் என்று அப்போது கற்றேன். விழுந்த இரண்டு முறையும் அன்றிரவே மனைவியிடமும் மறுநாள் உபதேசியாரிடமும் சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் ஒருமுறை விழுந்தால் அதை மறைப்பதற்காகவே பத்து நாள் குடித்திருக்கிறேன். இரண்டாம் முறை சொன்னபோது பெரியவர் எழுந்து உள்ளே போய், தாமே காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அவர் இல்லை. அந்தத் திண்ணையைக் கடக்கும்போது இன்றும் என் நடை மெதுவாகிவிடும்.

எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி இருக்கிறான்; பண்ருட்டிப் பக்கம் சொந்த ஊர், கடலூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். காலையில் அவன் கண்களைப் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுக்கு நான் பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. முள்ளோடையைப் பற்றியும், ஆல்பேட்டைப் பாலத்தைப் பற்றியும் ஒருநாள் சொன்னேன், அவ்வளவுதான். அதிலிருந்து சில நாட்களில் தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, இன்னைக்கு எந்த பஸ்?" என்று கேட்கிறான். அவன் கேட்கிற நாட்களில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வருகிறோம். நேற்று அவன் வரவில்லை. இன்று நான்கு மணிக்கு நான்தான் அவனைத் தேடிப் போகவேண்டும்.